முழுக் குழுவும் பெட்டி வழியே: சிறு மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவது

தோட்டக் கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரை மறந்துவிட்ட தமிழர்கள் ஜொகூரில் குறைவு. முப்பது வாட் பெருக்கி ஒன்று, புனல் இரண்டு, அவ்வளவுதான். விடியற்காலையில் போட்ட பக்திப் பாட்டு மர வரிசைகளைத் தாண்டி அடுத்த டிவிஷன் லயம் வரைக்கும் போய்ச் சேரும். இன்றைக்கு அதே ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில், முகப்பில் ‘2000 வாட்’ என்று பளபளக்கும் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு தாமான் மண்டபத்தில் ஓர் இன்னிசைக் குழு பாடுகிறது. பத்தாவது மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், “சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல தம்பி” என்கிறார்.

முப்பது வாட் ஜெயித்து, இரண்டாயிரம் வாட் தோற்ற கதை புரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

புனல், கொடுத்த மின்சாரத்தைச் சத்தமாக மாற்றுவதில் கெட்டிக்காரன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 105 டெசிபலைத் தாண்டும். நல்ல 12 அங்குலப் பெட்டி அதே ஒரு வாட்டுக்கு 95-ஐ ஒட்டித்தான் நிற்கும். பத்து டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு மின்சாரம். ஆக, முப்பது வாட் புனலை எட்டிப் பிடிக்கப் பெட்டிக்கு முந்நூறு வாட் வேண்டும். புனலில் அடிக்கட்டை கிடையாது. தவிலின் தொப்பிப் பக்கம் அதில் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். இசைக் குழுவுக்கு அது ஆகாது என்பது வேறு விஷயம். ஆனால் மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகள் எல்லாம் இருக்கும் மேல்பகுதியை அது விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. வார்த்தை கேட்டதற்கு அதுதான் காரணம்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அந்த வித்தியாசம் தெரியும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். போதாக்குறைக்கு, முகப்பில் அச்சடிக்கிற எண் பெரும்பாலும் ‘பீக்’, அதாவது கண்மூடித் திறக்கும் நேரத்துக்குத் தாங்கும் அளவு. மணிக்கணக்கில் தாங்குவது அதில் பாதிக்கும் கீழேதான். விவரத் தாளில் பார்க்க வேண்டிய வரி வேறு: ‘அதிகபட்ச ஒலி அழுத்தம்’. யமஹாவின் டிபிஆர்12 பெட்டிக்கு 1000 வாட் என்றும், 131 டெசிபல் என்றும் போட்டிருக்கும். கியூஎஸ்சி கே12.2 பெட்டிக்கு 2000 வாட், 132 டெசிபல். வாட் இரண்டு மடங்கு, சத்தத்தில் ஒரே ஒரு டெசிபல். இரண்டும் நல்ல பெட்டிகள்தான், கே12.2 கூடுதல் காசுக்கு வேறு வசதிகளைத் தருகிறது. ஆனால் வாட்டுக்காக அதை வாங்குகிறவர் ஏமாந்தவர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 130 டெசிபல் என்று எழுதியிருக்கும் பெட்டியில், பாட்டின் சராசரிச் சத்தம் 118 என்று வைத்துக்கொள்ளலாம். மீதி, தாளம் விழும்போது எழும்பும் உச்சங்களுக்கு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். 2 மீட்டரில் 112, 4 மீட்டரில் 106, 8-இல் 100, 16-இல் 94. விருந்து மண்டபத்தில் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசும் இரைச்சல் 75, 80 டெசிபல் இருக்கும். அதற்கு மேல் பத்து இருந்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும். கடைசி மேசைக்கு 94 தாராளம்.

சிக்கல் கடைசி மேசையில் இல்லை, முதல் மேசையில். அங்கே 106. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பொழுதுபோக்கு இடங்களுக்கென்று வெளியிட்ட தர அளவு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. முதல் மேசையில் உட்கார்வது யார்? மாப்பிள்ளையின் தாத்தாவும் பாட்டியும், மடியில் கைக்குழந்தையும். அவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, வீட்டுக்காரர் மேடைக்கு ஓடிவந்து “குறைங்க” என்று கைகாட்ட, குறைத்ததும் பின்னாலிருந்து “கேக்கல” என்று குரல் வர, ராத்திரி முழுக்க அந்த மிக்சர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து உறுதியான இரண்டு ஸ்டாண்டுகள். பெட்டியின் மேல்வாய் ஏழு அடி உயரத்துக்குப் போனால் முன்மேசை அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும், பின்மேசை நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். முன்னுக்கும் பின்னுக்குமான வித்தியாசம் குறையும். மேசை மேலும் நாற்காலி மேலும் பெட்டியை வைத்துவிட்டு “சவுண்டு பத்தல” என்று புலம்பும் குழுக்கள் இன்னும் உண்டு. முன்வரிசையின் உடம்புகள் மேல்சுருதியை எல்லாம் குடித்துவிடுகின்றன. பின்னால் போவது வெறும் உறுமல்.

ஆங்கிலத்தில் வரும் ஆலோசனை இங்கே பாதிதான் பொருந்தும்

ஆங்கிலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மனதில் இருப்பது மதுக்கூடத்தில் வாசிக்கும் ராக் குழு. டிரம்ஸ் தானே முழங்கும். கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் சொந்தப் பெருக்கி உண்டு. பெட்டிகள் குரலை மட்டும் தூக்கினால் போதும். ஆகவே ‘10 அங்குலப் பெட்டி இரண்டு, ஆறு மைக் மிக்சர் ஒன்று’ என்று எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள்.

மலேசியத் தமிழ் இன்னிசைக் குழுவின் அமைப்பே வேறு. கீபோர்டு இருக்கிறது, அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. ரிதம் பேட் இருக்கிறது, கம்பியைப் பிடுங்கிவிட்டால் ரப்பரில் குச்சி படுகிற ‘டக் டக்’ மட்டும்தான் மிஞ்சும். பேஸ் வாசிக்க ஆள் இல்லாத இரவுகளில் அதையும் கீபோர்டுக்காரரின் இடது கை பார்த்துக்கொள்ளும். வயலினும் கோரஸும் மடிக்கணினியிலிருந்து வரும் ‘மைனஸ் ஒன்’. தபேலா, புல்லாங்குழல் போன்ற ஒன்றிரண்டுதான் நிஜ வாத்தியங்கள். அவையும் மைக் இல்லாமல் மூன்றாவது மேசையைத் தாண்டா. ஆக, குழுவின் மொத்த இசையும் அந்த இரண்டு பெட்டிகளின் வழியேதான் வெளியே வருகிறது. எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், பேஸ் கிட்டார் நகர்ந்து நகர்ந்து போவதுதான் பாட்டின் முதுகெலும்பு. அது கேட்காவிட்டால் சபை, பாட்டை அடையாளம் கண்டுகொள்ளவே நான்கு வரி ஆகும்.

ஆகவே இங்கே 10 அங்குலம் வேண்டாம். 12-இல் தொடங்க வேண்டும். 15 அங்குலம் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அடிக்கட்டை கொஞ்சம் கூடும், உண்மை. ஆனால் இரண்டு வழிப் பெட்டியில் அந்தப் பெரிய கூம்பு குரலின் நடுப்பகுதியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது, விலை குறைந்த பெட்டிகளில் அங்கேதான் குரல் கொழகொழத்துப் போகிறது. எடையும் கூடும். டிபிஆர்12 ஏறக்குறைய 16 கிலோ. ஒருவரே தூக்கி ஸ்டாண்டில் மாட்டலாம். பழைய மரப்பெட்டிகள் முப்பது கிலோவைத் தாண்டும். அவற்றை மாட்ட இருவர் வேண்டும், மறுநாள் முதுகுக்குத் தைலமும் வேண்டும். கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 30 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை அந்தச் சாலையில் ஓடும் குழுவுக்கு, எல்லாச் சாமானும் ஒரு பெரோடுவா அல்சாவின் பின்பகுதியில் அடங்குமா என்பது டெசிபலுக்கு இணையான கேள்வி. லோரி வாடகை கொடுத்தால் அந்த இரவின் லாபம் போயிற்று.

சப்வூஃபர் வாங்க வேண்டுமா? இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே இந்த நூலின் கருத்து. மண்டபத்துக்குள் சுவர்களும் தரையுமே அடிக்கட்டையைத் திருப்பி அனுப்பிப் பெருக்கிவிடும். கூரையில்லாத திடலில்தான் அது காற்றோடு போய்விடும். அங்கே சப் இல்லாமல் முடியாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று திடல் நிகழ்ச்சி வந்தால் அந்த இரவுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டது; 2014 முதல் பத்தாண்டுக்கு மேல் அது வெள்ளி, சனியாக இருந்தது. சனி இரவு ஆடினால் ஞாயிறு தூங்கலாம் என்பதால் விருந்துகளும் சனி இரவிலேயே போய்க் குவிகின்றன. வாடகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உறுமி மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாப்பிள்ளை அழைப்புக்கு உறுமிக் குழு வந்திருந்தால் அவர்கள் அடித்து முடிக்கும்வரை பெட்டிகளை மௌனமாக வைத்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தோலில் அடிக்கும்போது, சிறு மண்டபப் பெட்டி எதுவும் அதோடு போட்டி போட முடியாது. போட்டி போடவும் கூடாது.

எண்ணிப் பார்த்து மிக்சர்

மிக்சரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து மேடையில் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும். பாடகர்கள் மூன்று. அறிவிப்பாளருக்குக் கம்பியில்லா மைக் ஒன்று. தபேலாவுக்கு இரண்டு. புல்லாங்குழல் ஒன்று. கிட்டார் ஒன்று. கீபோர்டுக்கு இடம், வலம் இரண்டு. பேடுக்கு இரண்டு. மடிக்கணினிக்கு இரண்டு. மொத்தம் பதினான்கு. கடையில் ‘12 சேனல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டுதானே குறைகிறது என்று நினைக்கிறவர் வீட்டுக்கு வந்து வாய்களை எண்ணிப் பார்க்கும்போதுதான் விழிப்பார். யமஹா எம்ஜி12 போன்ற 12 சேனல் மிக்சரில் மைக் செருகும் வாய் ஆறுதான். மற்றவை கீபோர்டு போன்ற கருவிகளுக்கான வழிகள். நம் தாளில் மைக் மட்டுமே ஏழு.

இப்போது பலர் டிஜிட்டல் பக்கம் போகிறார்கள். பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18 என்கிற சின்னப் பெட்டியில் 16 மைக் வாய்கள் உண்டு. மேலே ஏற்றி இறக்கும் பட்டன் வரிசை எதுவும் கிடையாது, எல்லாம் டேப்லட் திரையில். இதில் உண்மையான நன்மை, மிக்சரை மேடையிலேயே விட்டுவிட்டு ஒருவர் கடைசி மேசைக்கு நடந்துபோய், பெரியவர் பக்கத்தில் நின்று, அவர் காதுக்குக் கேட்பதைத் தானும் கேட்டபடி சரிசெய்யலாம். தனியாக ஒரு ரவுட்டர் வாங்கிக்கொள்வது அவசியம். முந்நூறு கைப்பேசிகள் உலவும் மண்டபத்தில் உள்ளே பொருத்தி வரும் வைஃபையை மட்டும் நம்பிப் பாடத் தொடங்குவது துணிச்சல்.

இனி, மைக் கூவுவது. எந்தக் குழுவுக்கும் இதுதான் மானப் பிரச்சினை. பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து, மறுபடி பெட்டிக்குப் போய், சுற்றிச் சுற்றி ஊளையாகிறது. திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் குறையும். ஒரு மைக் திறந்திருந்த இடத்தில் எட்டு திறந்திருந்தால் 9 டெசிபல் போய்விடும். அறிவிப்பாளர் பேசி முடித்து மைக்கை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். வாத்தியக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மைக்கை மூட வேண்டும்.

ஷூர் எஸ்எம்58, 1966-இல் வந்த மைக். அரை நூற்றாண்டு கடந்தும் அதைத் தள்ளிவைக்க இன்னும் காரணம் கிடைக்கவில்லை. முன்னால் வரும் சத்தத்தை எடுத்துக்கொள்ளும், நேர் பின்னால் வருவதைத் தள்ளிவிடும். பாடகர் காலடியில் வைக்கும் மானிட்டர் அதன் வாலுக்கு நேரே இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் பீட்டா 58 வாங்கினால் கணக்கு மாறும்: அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லாமல் இரு பக்கமும் சாய்ந்திருக்கிறது, மானிட்டரையும் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை நகர்த்தாமல் விட்டவர்கள்தான் “நல்ல மைக் வாங்கியும் கூவுது” என்கிறார்கள்.

யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ வெளியிட்ட பிறகு, மலேசியாவில் தமிழ் ராப் இல்லாத விருந்து அபூர்வம். மேடை ஏறும் இளைஞர் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் துளைகள் அந்த வலைக்குக் கீழேதான் இருக்கின்றன. பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும், வார்த்தையும் மூக்கால் பேசுவது போலாகும். இதற்குச் சாதனம் எதுவும் கிடையாது. ஒத்திகையிலேயே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும்.

கம்பியில்லா மைக்கைப் பழையதாக வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அதில் இயங்கிய மைக்குகள் இன்னும் மலிவு விலையில் கைமாறுகின்றன. பேட்டரி மூடியைத் திறந்து, ஒட்டியிருக்கும் தாளில் 700-க்கு மேல் எண் இருந்தால் அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மண்டபமும் மின்சாரமும்

1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு எதுவும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்கிற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து நாடக அரங்கிலிருந்து மெத்தைகளைச் சுமந்துவந்து இருக்கைகளில் போட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று இரவிரவாக அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதனும் ஒரு மெத்தைதான் என்பதையும் அவர் கணக்கில் கண்டார்.

கூலாய் மண்டபங்களில் தரை டைல், சுவர் சிமெண்டு, கூரை தகடு. மாலை ஐந்து மணிக்குக் காலி மண்டபத்தில் ‘ஹலோ, ஹலோ’ சொன்னால் அது கூரைக்குப் போய்த் திரும்பி வந்து பதில் சொல்லும். அதைக் கேட்டுப் பயந்து அடிக்கட்டையை முழுக்க இறக்கிவிட்டால், எட்டு மணிக்கு இருநூறு மனித மெத்தைகள் வந்து உட்கார்ந்த பிறகு பாட்டு காய்ந்துபோய்க் கேட்கும். ஐந்து மணிக்கு மைக் கூவாத அளவை மட்டும் பார்த்துவைத்தால் போதும். சுருதி நிறத்தை இரண்டாவது பாட்டு முடிந்ததும் சரிசெய்ய வேண்டும். பெட்டியின் முகத்தைப் பின்சுவருக்குக் காட்டாமல் கொஞ்சம் கீழே, தலைகளை நோக்கிச் சாய்த்தால் சுவரிலிருந்து திரும்புவது குறையும். மிக்சரில் இருக்கும் ‘எக்கோ’வை இத்தகைய மண்டபத்தில் தொடவே வேண்டாம்; கட்டடமே இலவசமாகக் கொடுக்கிறது.

உணவகத்தின் மேல்மாடி போன்ற தாழ்ந்த கூரைக்கு மெல்லிய தூண் வடிவ ஸ்பீக்கர் நன்றாகப் பொருந்தும். போஸ் நிறுவனம் 2003-இல் எல்1 என்று கொண்டுவந்த பிறகு பல நிறுவனங்கள் அந்த வழியில் செய்கின்றன. ஒலி மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் விரிவதால் முன்மேசைக்கும் பின்மேசைக்கும் வித்தியாசம் குறைவு. ஐம்பது பேர் பிறந்தநாள் விருந்து, இரண்டு பாடகர், ஒரு மடிக்கணினி என்றால் இதுவே போதும். எட்டுப் பேர் குழுவின் ரிதம் பேடை இது தாங்காது.

மின்சாரத்தில் பயப்பட வேண்டிய இடம் வேறு. நம் நாட்டு மூன்று முள் செருகி 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3000 வாட். இரண்டு பெட்டி, இரண்டு மானிட்டர், மிக்சர், கீபோர்டு எல்லாம் சேர்ந்தாலும் சராசரியாக ஆயிரத்தைத் தொடுவது அரிது. ஆனால் அதே சுவர்ச் செருகியிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்துச் சமையல்காரர் தேத்தண்ணிக் கொதிகலனைப் போட்டிருப்பார். அது ஒன்றே இரண்டாயிரத்துக்கு மேல் குடிக்கும். தாலி கட்டி முடித்து முதல் பாட்டின் சரணத்தில் எல்லாம் இருண்டுபோவது பெரும்பாலும் இப்படித்தான். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடைக்கான செருகி எது, சமையலறை எதில் ஓடுகிறது என்று பொறுப்பாளரைக் கேட்டுவிட வேண்டும். இரவு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம்; மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே வரிசை வீடுகள்.

மடிக்கணினியைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும். அதை நிறுத்துவதற்காகச் செருகியின் எர்த் முள்ளைத் துண்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரக்கையோடு மைக்கைப் பிடிக்கும் பாடகரின் உயிரோடு விளையாடுகிற வேலை அது. டிஐ பாக்ஸ் என்று கையகலப் பெட்டி ஒன்று, ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானோடு விற்கிறது. மடிக்கணினிக்கும் மிக்சருக்கும் நடுவில் அதை வைத்தால் முனகல் போய்விடும்.

கடைக்குப் போகும்போது குழுவின் பாடகி, கீபோர்டு, சொந்த மைக் மூன்றும் கூடப் போக வேண்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் கேட்கும். பாடகி ‘ச’, ‘ழ’, ‘ற’ வரும் ஒரு பல்லவியைப் பாட, மற்றவர் கடையின் கடைசி மூலையில் திரும்பி நின்று வார்த்தைகளைக் கேட்டு எழுத வேண்டும். எழுத முடிந்த பெட்டியை வாங்கலாம். கையில் இருக்கும் வெள்ளியில் இரண்டு 12 அங்குலப் பெட்டி, ஸ்டாண்டு, மிக்சர், மூன்று நல்ல மைக் வாங்கிவிட்டு, மீதியைப் பாடகரின் மானிட்டருக்கு ஒதுக்குவது சரியான வரிசை. தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார், கத்தினால் சுருதி ஏறும். அதை எந்தப் பெட்டியும் மறைக்காது.

நிகழ்ச்சி முடிந்து பந்தியும் முடிந்து, நாற்காலிகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பிரிக்கிற வேலை தொடங்கும். முதலில் பெட்டிகளை அணைக்க வேண்டும், மிக்சரைக் கடைசியில். மாற்றிச் செய்தால் ‘டொம்’ என்று ஒரு வெடி வெடிக்கும். ஸ்பீக்கரின் சுருளுக்கும் கெடுதல், மண்டபம் முழுக்கக் குழந்தைகளும் எழுந்துவிடுவார்கள். மறுநாள் போடும்போது இதே வரிசை தலைகீழ்: மிக்சர் முதலில், பெட்டி கடைசியில்.